அமலை யாருடையது?

2023-ஆம் ஆண்டு தை மாதத்தின் தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கரையில் நின்றுகொண்டிருந்தோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தாமிரபரணி தன் செந்நிறம் வடிந்து தெளிந்துவரும் காலம். ஆனால் அணைக்கு மேற்புறத்தில் தண்ணீரைக் காண இயலவில்லை. கால் வைத்தால் தாங்கிக்கொள்ளும் என்று நம்பத் தோன்றுமளவு அடர்ந்த பச்சை. அதனூடே அழகிய ஊதா நிறப் பூக்கள். ஆற்றின் எட்டாவது அணைக்கட்டு இது. கடைசி அணைக்கட்டும் இதுவே. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று மேலே வரிசையாக உள்ள ஏழு அணைக்கட்டுகளிலும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களிலும் பிய்ந்து மிதந்தவை இங்கே வந்து தேங்கிவிடுகின்றன. சென்னைப் பத்திரிகைகள் இச்செடியை ஆகாயத் தாமரை என்று எழுதும். எங்கள் பக்கத்தில் இதன் பெயர் அமலை.

வடகால் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உடன் நின்றார். "உங்க மடையில அடைச்சுக் கெடக்கிறத நீங்களே எடுத்துப் போட்டுறலாமே, அண்ணாச்சி" என்றோம். அவர் சிரித்தார். "எடுக்கலாம் சார். இன்னைக்கு எடுத்தா நாளைக்கு அடுத்தது வந்து கெடக்கும். இது என் வயல்ல மொளச்சதா என்ன? மேல கெடந்தது எறங்கி வந்திருக்கு. மேல உள்ளவன் எடுக்காததுக்கு நான் கூலி குடுக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

விடையை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அன்று அது. இருந்தாலும் விடை உண்டு. அப்படியொரு சட்டம் நம் மாநிலத்தில் 1919 முதல் இருக்கிறது. அதற்கு முன்னோடியான வேறொன்று 1858 முதல் இருந்தது. அவருக்கு அப்போது இதைச் சொல்ல மனம் வரவில்லை. இக்கட்டுரை அந்தத் தயக்கத்திலிருந்து பிறந்தது.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது. தமிழில் 'களை' என்னும் பெயரே ஓர் ஏவலாகவும் நிற்கிறது; நீக்கு என்பது அதன் பொருள். பழந்தமிழில் 'களை கட்டுதல்' என்றால் களையெடுத்தல். இன்று திருவிழா களைகட்டியது என்கிறோம், அது வேறு களை. வள்ளுவர் களையெடுப்பை உழவு அதிகாரத்தில் வைத்ததோடு நில்லாமல், செங்கோன்மை அதிகாரத்திலும் கொண்டுவந்து கொடியவரை அரசன் ஒறுத்தலுக்கு உவமையாக்கினார். தண்டனைக்கும் களைக்குமான தொடர்பு தமிழுக்குப் புதிதன்று. ஆனால் அங்கே களை தண்டிக்கப்படுபவனுக்கு உவமை. களையைப் பிடுங்காத உழவனைத் தண்டிப்பது என்பது பின்னாளில் வந்த கருத்து.

களை என்பது தாவரவியல் சொல்லும் அன்று. வரப்பில் நிற்கும்போது பிள்ளையாருக்கு உகந்த அருகு, வயலுக்குள் இறங்கினால் களை. ஆகவே களை பற்றிச் சட்டம் எழுத வருபவர் எது களை என்பதையும், அது எவருடைய பொறுப்பு என்பதையும் முதலில் வரையறுத்தாக வேண்டும். முதலாவது எளிது, அரசு எதைக் களை என்று அறிவிக்கிறதோ அதுவே களை. இரண்டாவதில்தான் நூற்றாண்டுகளாகச் சிக்கல்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்தப் பொறுப்பு பழைய காலத்தில் ஊரின் மேல் இருந்தது. கால்வாய்த் தூர் வாருவது, கரையில் மண்டிய புதர்களையும் முட்செடிகளையும் வெட்டுவது, மழையில் அரித்த பள்ளங்களை நிரப்புவது ஆகிய சிறு வேலைகளை ஊரார் கூடிச் செய்தனர். பிற்காலத்தில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர் வந்தது. குடி தமிழ், மராமத்து அரபியில் தோன்றி உருதுவழி வந்த சொல். ஆட்சி மொழிகள் மாறிமாறி வந்ததன் தடம் அச்சொல்லிலேயே இருக்கிறது. இன்று இதனை ஒரு பொற்கால நினைவாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நமக்கு அதில் ஓர் ஐயம் உண்டு. 'ஊரார் கூடி' என்ற சொல்லுக்குள் யார் கூடினர், யார் மண்வெட்டி பிடித்தனர் என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. நெல்லையை அடுத்த மானூரின் பாண்டியர் காலக் கல்வெட்டு, ஊர்ச்சபையில் அமர முழுப் பங்கு நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்று விதிப்பதை வரலாற்று மாணவர் அறிவர். பங்கு உடையவர் சபையில் அமர்ந்தனர். சேற்றில் இறங்கியவர் வேறு. சீவலப்பேரியில், தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் இடத்தைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு அந்த வேறு மனிதரின் இலக்கியம். ஏர் பூட்டுவதும் நாற்று நடுவதும் பள்ளரும் பள்ளியரும். பண்ணைக்காரன் கணக்குக் கேட்பவன், கோபம் வந்தால் பள்ளனைத் தொழுவில் மாட்டுபவன். இந்த ஏற்பாட்டை மறந்துவிட்டுக் குடிமராமத்தைப் பற்றி உருகுவது நேர்மையாகாது.

கும்பினி ஆட்சியில் இந்த வழக்கம் தளர்ந்தது. வரியை உயர்த்தி வசூலித்த ஆட்சி, பழுதுபார்க்கும் பொறுப்பை மட்டும் வழக்கத்தின் பெயரால் ஊரிடமே விட்டுவிட விரும்பியது. அந்த விருப்பத்தின் சட்ட வடிவமே 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டமான சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் அக்கம்பக்கத்தில் உள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல்வலிவுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்கலாம். வர மறுப்பது குற்றம். அதே சட்டத்தின் ஆறாம் பிரிவு குடிமராமத்தைத் தொட்டது. பாசன வேலை ஒன்றை வழக்கப்படி ஊரார் கூடிச் செய்துவரும் இடத்தில், அதில் தன் பங்கு உழைப்பைத் தராதவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு செலுத்த வேண்டும். அதனை வரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கலாம்.

இந்த 'இரு மடங்கு' என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இச்சட்டம் பெரிதும் ஏட்டில் கிடந்த சட்டம். எந்த வழக்கம் எந்த ஊரில் எப்படி இருந்தது என்பதை நிறுவாமல் எவரையும் தண்டிக்க இயலாது. அதை நிறுவுவதோ எளிதன்று. ஆறும் தன் போக்கில் மாறிக்கொண்டிருந்தது. 1873-இல் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு கட்டி முடிக்கப்பட்டது. மேலுள்ள ஏழும் ஆங்கிலேயருக்கு முன்னரே கட்டப்பட்டவை. அணைக்கட்டுகளும் பெருங்கால்வாய்களும் பொதுப்பணித் துறையின் கைக்குப் போயின. வாய்க்கால் ஊருடையது, கால்வாய் அரசினுடையது, ஆறு அரசினுடையது என்றானது. தண்ணீருக்கோ அதில் மிதந்து வருவனவற்றுக்கோ இந்த எல்லைகள் தெரியாது.

அடுத்த சட்டம் 1919-இல் வந்தது. சென்னை வேளாண்மைப் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம், 1919-இன் மூன்றாம் சட்டம். பெயரில் களை இல்லை, உள்ளே இருக்கிறது. இச்சட்டத்துக்கு உடனடித் தூண்டுதல் பருத்தி. கம்போடியப் பருத்தி கோவைப் பக்கம் பரவியபின், அறுவடை முடிந்தும் வயலில் நிற்கும் செடிகளில் பூச்சி தங்கி அடுத்த பருவப் பயிரைத் தாக்கிற்று. ஒரு நாளைக் குறித்து அதற்குள் எல்லாரும் பழைய செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்றால் பத்துப் பேர் பிடுங்குவர், பதினோராமவர் விட்டுவிடுவார். அந்த ஒருவரின் காடு போதும் பூச்சிக்கு. கட்டாயம் இல்லாமல் இது நடவாது என்று வேளாண்துறையினர் கருதியதில் நியாயம் உண்டு. கோவில்பட்டியில் 1901 முதலே அரசின் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை இயங்கிவந்ததால் நெல்லைக் கரிசலுக்கும் இந்தப் பேச்சு புதிதாக இருந்திராது.

சட்டத்தின் இயக்கம் இவ்வாறு. அரசு ஓர் அறிவிப்பு வெளியிடும். இன்ன பகுதியில், இன்ன பூச்சி அல்லது நோய் அல்லது களைக்கு, இன்ன காலத்துக்குள், இன்ன நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் சொல்லும். அது வெளிவந்தவுடன் அப்பகுதியில் நிலமோ நீர்நிலையோ கட்டடமோ தம் அனுபவத்தில் உள்ள ஒவ்வொருவரும் அந்நடவடிக்கையை எடுக்கக் கடமைப்பட்டவர். ஆய்வு அலுவலர் முன்னறிவிப்புக் கொடுத்து நிலத்துக்குள் நுழையலாம். கடமை தவறியவருக்குத் தனி அறிவிப்பு அனுப்பலாம். அதற்கும் பணியாதவருக்கு அபராதம். அலுவலரே ஆள்வைத்து வேலையை முடித்து, செலவை நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கவும் வழி உண்டு. அதாவது கட்டாவிட்டால் கடைசியில் நிலமே ஏலத்துக்கு வரும்.

'அனுபவத்தில் உள்ளவர்' என்ற தொடரை நாம் பலமுறை நிறுத்திப் படித்தோம். நிலத்துக்கு உடைமையாளர் என்று சட்டம் சொல்லவில்லை. நிலத்தை வைத்து அனுபவிக்கும் உரிமை உடையவரும், உண்மையில் நிலத்தில் இருப்பவரும் இச்சொல்லுக்குள் அடங்குவர். தாமிரபரணிக் கரையின் நன்செய் பற்றித் தெரிந்தவருக்கு இதன் பொருள் விளங்கும். ஆதீனங்கள், கோயில்கள், கட்டளைகள், நகரத்தில் குடியேறிவிட்ட மிராசுதார்கள் ஆகியோரின் பெயரில் பட்டா. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவரின் கையில் வயல். சட்டத்தின் அறிவிப்பு வந்து சேர்வது வரப்பில் நிற்பவரிடம். பட்டா மடத்திலோ மாடவீதியிலோ பத்திரமாக இருக்கும். எழுதியவர்கள் இதை வேண்டுமென்றே செய்தனர் என்று சொல்ல மாட்டோம். களை உடனடியாக அகல வேண்டுமானால் வயலில் இருப்பவரைப் பிடிப்பதே நடைமுறை அறிவு. ஆயினும் செலவு யார் தலையில் விழுந்தது என்பது செலவு செய்தவருக்கே தெரியும்.

இச்சட்டத்தின் கீழ்க் களையாக அறிவிக்கப்பட்டவற்றுள் நம் அமலையும் ஒன்று. தென்னமெரிக்காவின் நீர்நிலைகளில் பிறந்து, பூவின் அழகுக்காகத் தோட்டம் தோட்டமாக உலகம் சுற்றி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தை வந்தடைந்த செடி அது. இடையில் ஒரு பெயர்க்குழப்பம். நம் சித்த மருத்துவ ஏடுகள் ஆகாயத் தாமரை என்று குறிப்பது இதனை அன்று. இலைக்கோசு போலச் சிறிதாக மிதக்கும் வேறொரு செடியை. பின்னால் வந்தது பழையதன் பெயரைப் பிடுங்கிக்கொண்டது. காம்பு வெங்காயம் போலப் பருத்திருப்பதால் சிலர் வெங்காயத் தாமரை என்பர். அது பொருத்தமான பெயர். நெல்லையில் அமலை என்ற சொல்லே நிலைத்துவிட்டது.

இலங்கை நம்மை முந்திக்கொண்டது. செடி 1905-இல் அத்தீவுக்குள் வந்தது. 1909-இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. வங்காளத்தில் 1936-இல் சட்டம். அங்கே கச்சுரிபானா என்ற அச்செடி ஆறுகளில் படகை நிறுத்தி நெல்வயலை மூடியதால் அரசியலாகவும் ஆனது. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் அதை ஒழிப்போம் என்ற வாக்குறுதி ஒலித்தது, வென்று ஆட்சிக்கு வந்த பஸ்லுல் ஹக் அரசு 1939-இல் ஒழிப்பு வாரம் நடத்தியது. மக்கள் ஆயிரக்கணக்கில் நீரில் இறங்கி வாரினர். செடி இன்றும் அங்கே இருக்கிறது.

சட்டத்தால் ஆகாத ஒன்று நம் தென்னாட்டில் வேறு வழியால் ஆனது. அந்தக் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய நெல்லைக் கிராமத்தாரிடம் கேட்டால் தம் தந்தையர் காலத்து நாகதாளிக் காடுகளைப் பற்றிச் சொல்லியிருப்பர். சப்பாத்திக் கள்ளி என்றும் சொல்வோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வேலிக்கு ஏற்றது என்று வைத்தனர். முள்வேலிக்கு இம்மண்ணில் நீண்ட மதிப்பு உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முள்ளரண் சூழ்ந்திருந்ததை அதன்மேல் படையெடுத்த ஆங்கிலேயர்களே எழுதிவைத்துள்ளனர். ஆனால் நாகதாளி வேலியாக நிற்பதோடு அடங்கவில்லை. வெட்டிப் போட்ட மடல் விழுந்த இடத்தில் வேர்விடும். ஒன்றை வெட்டினால் பத்து. மேய்ச்சல் நிலம், குளக்கரை, சுடுகாட்டுப் பாதை என்று எங்கும் ஏறிற்று. இதை அகற்று என்று நிலத்தாருக்கு ஆணையிடுவது எளிது. அகற்றும் கூலி நிலத்தின் விலையைத் தாண்டும் இடங்களில் அந்த ஆணைக்கு என்ன பொருள்?

ஆஸ்திரேலியா இதைப் பட்டு அறிந்தது. நியூ சவுத் வேல்ஸ் 1886-இலேயே சட்டமியற்றி, நிலத்தார் கள்ளியை அழித்தாக வேண்டும் என்றது. நிலத்தைக் கைவிட்டு வெளியேறினரே தவிரக் கள்ளியை அழித்தவர் அரிது. குவீன்ஸ்லாந்து அரசு 1912-இல் இரு அறிஞர்களை உலகம் சுற்றிவர அனுப்பியது: ஹென்றி டிரையன், ஹார்வி ஜான்ஸ்டன். கள்ளியைத் தின்னும் உயிர் எங்கேனும் உண்டா என்று தேடுவதே பணி. அவர்களுக்கு விடை கிடைத்த இடங்களுள் இந்தியாவும் இலங்கையும் அடங்கும்.

இங்கே அந்த உயிர் வந்து சேர்ந்ததே ஒரு தவறினால். மெக்ஸிகோவின் கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் எடுப்பர். அந்த வணிகம் ஸ்பெயினின் பிடியில் இருந்தது. அதை முறிக்கக் கிழக்கிந்தியக் கும்பினி ஆசைப்பட்டது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் இதற்காகவே கள்ளித் தோட்டம் வைத்தார். 1795-இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது உண்மையான சாயப் பூச்சி அன்று. அதன் தரங்குறைந்த உறவு. சாயம் தேறவில்லை. ஆனால் அது சாயத் தோட்டத்தின் கள்ளிகளில் ஒருவகையைத் தின்றே தீர்த்தது. இழப்பாகக் கருதப்பட்ட அந்தச் செய்தியைப் பின்வந்தோர் வேறு கண்ணால் பார்த்தனர். 1860-களில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு அப்பூச்சி வேண்டுமென்றே கொண்டுசெல்லப்பட்டது. களையை ஒழிக்க அதன் எதிரியை ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பியதற்கு உலகில் இதுவே முதல் எடுத்துக்காட்டு என்று பூச்சியியல் நூல்கள் பதிவுசெய்கின்றன. டிரையனும் ஜான்ஸ்டனும் அதே பூச்சியைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோயினர். அங்கும் அந்த ஒருவகைக் கள்ளி அழிந்தது.

நம்முடைய நாகதாளியை மட்டும் அது தொடவில்லை. பூச்சிக்கும் சாதி வேறுபாடு உண்டு போலும். அதற்கு ஏற்ற மற்றொரு கொச்சினீல் வட அமெரிக்காவிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குச் சென்று, அங்கிருந்து 1924-இல் இலங்கைக்கும், 1926-இல் இலங்கையிலிருந்து தமிழகத்துக்கும் வந்தது. கடன் கொடுத்தது வட்டியோடு திரும்பிய கதை. சில ஆண்டுகளுக்குள் நாகதாளி மடல்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியது போன்ற திட்டுகள். தொட்டு நசுக்கினால் இரத்தச் சிவப்பு. பிறகு மடல்கள் சுருங்கி, கறுத்து, காடு காடாகச் சாய்ந்தன. தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் இவ்வாறு விடுபட்டதாகக் கணக்குச் சொல்வர். அறிவிப்பு, அலுவலர், அபராதம், ஏலம் எதுவும் இல்லை. பூச்சிக்குப் பட்டாவும் தெரியாது, புறம்போக்கும் தெரியாது. வேலிக்கு இப்புறம் தின்றுவிட்டு அப்புறம் போயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அவ்வளவுதான். குவீன்ஸ்லாந்தில் இதே வேலையை 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த ஓர் அந்துப்பூச்சி செய்தது. நன்றி மறவாத பூனார்கா ஊரார் 1936-இல் அந்தப் பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே கட்டினர். நாம் எதற்கும் மண்டபம் கட்டுபவர்கள். ஏனோ இதற்குக் கட்டவில்லை.

நாகதாளி போன இடம் வெறுமையாக இருக்கவில்லை. சீமைக் கருவேலம் வந்தது. காமராசர் காலத்தில் விறகுக்காக விமானத்தில் விதை தூவினர் என்று ஊருக்கு ஊர் சொல்வர். மரம் அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது. 1876-இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி கர்னல் பெடோம் விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877-இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. நம் கோயில் வன்னிக்கு நெருங்கிய உறவான மரம். உடைமரக் காட்டைக் குறித்த உடங்காடு என்ற பழைய சொல், இன்று பல ஊர்களில் இந்தப் புதிய மரத்தின் காட்டுக்கே வழங்குகிறது. தாமிரபரணியின் படுகையிலும் ஏறிவிட்டது. ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வாரும் பிரச்சினை 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றபோது, மணலோடு மண்டிய இக்காடும் அவ்வழக்கின் பேச்சில் இருந்தது.

2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வைகோ தொடுத்த வழக்கை ஒட்டித் தென்மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டது. சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும். அதற்கென அரசு சட்டம் இயற்ற வேண்டும். தனியார் நிலத்தில் நிற்பவற்றை உரியவரே குறித்த காலத்துக்குள் அகற்ற வேண்டும். தவறினால் நிர்வாகம் அகற்றிவிட்டு, செலவைப் போல இரு மடங்கு அவரிடம் வசூலிக்க வேண்டும். 1858-இன் அதே இரு மடங்கு. நீதிபதிகள் அந்தப் பழைய பிரிவை நினைத்துச் சொன்னார்கள் என்று நாம் கருதவில்லை. ஆட்சியின் கை எந்த நூற்றாண்டிலும் ஒரே கணக்கைப் போடுகிறது என்பதே வியப்பு.

நாம் பணியாற்றும் கல்லூரியிலும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அரிவாளும் கடப்பாரையுமாகப் புறப்பட்டனர். ஒரு குளத்தின் உட்புறத்தை இரண்டு நாள் வெட்டினர். அடுத்த மழைக்கு ஒவ்வோர் அடித்தூரிலிருந்தும் நான்கைந்து கொம்புகள் கிளம்பி நின்றன. ஏப்ரல் மாதத்தில், சூழலியல் விளைவுகளை ஆராயாமல் வெட்டுவது சரியன்று என்ற வழக்கில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. சில மாதங்களில் அது விலகிற்று. 2022-இல் அயல் ஊடுருவும் தாவரங்களுக்கான கொள்கை ஒன்றை மாநில அரசு வெளியிட்டது. காடுகளை முதன்மையாக மனத்திற்கொண்ட ஆவணம் அது. வயற்காட்டுப் பட்டாதாருக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை.

அந்த 2017-ஆம் ஆண்டில் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "எங்க வீட்டுல கரிமூட்டம் போட்டுத்தான் சார் எனக்கு ஃபீஸ் கட்டுனாங்க. நான் இதை வெட்டப் போகணுமா?" போக வேண்டாம் என்றோம். கரிசலில் மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டியும் மூட்டம் பார்த்தும் அடுப்பெரித்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களில் பலருக்கு நிலமில்லை. நிலத்தார் அகற்றட்டும் என்று சட்டம் சொன்னால், நிலத்தார் செலவை இழப்பார். நிலமில்லாதவர் விறகை இழப்பார். முன்னவர் பெயராவது அறிவிப்பில் இருக்கும்.

அமலைக்குத் திரும்புவோம். பூச்சிவழி அதற்கும் முயலப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் பெங்களூரின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் தென்னமெரிக்கக் கூன்வண்டுகளை வரவழைத்து ஏரிகளில் விட்டனர். ஹெப்பாள் ஏரியில் நல்ல பயன் கண்டனர். தேங்கிய ஏரியில் வண்டுக்கு அவகாசம் உண்டு. ஆண்டுக்கு இருமுறை வெள்ளம் புரட்டிப்போடும் ஆற்றில், செடியும் வண்டும் சேர்ந்து புன்னைக்காயல் கடலுக்குப் போய்விடும். மேலே கால்வாய் மூலையில் ஒதுங்கிய நாலு செடி போதும், மறுபடி தொடங்க. அந்த நாலு செடிக்கு உணவு யார் தருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பழவூரில் பிரியும் பாளையங்கால்வாயும் சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாயும் நகரத்துக்குள் நுழையும்போது கால்வாய்கள், வெளியேறும்போது சாக்கடைகள். குறுக்குத்துறையில் முருகனைக் கும்பிட இறங்குவோருக்கு ஆற்றின் மணம் தெரியும். கழிவின் சத்தில்தான் அமலை கொழுக்கிறது. நகரத்தில் கழிவு விடும் வீட்டார் எவரும் 'அனுபவத்தில் உள்ளவர்' என்ற சொல்லுக்குள் வருவதில்லை. அவர்களில் நாமும் ஒருவர். நிலம் வைத்திருப்பவரை மட்டும் தேடும் சட்டத்தின் கண்ணுக்கு, நீரில் இறங்கிவரும் களையின் உண்மையான உரிமையாளர் தென்படுவதே இல்லை. ஆற்றுப்படுகைக்கும் அணைக்கட்டுக்கும் உரியது அரசு. அன்று பொதுப்பணித் துறை, இன்று நீர்வளத் துறை. அதற்கு அறிவிப்பு அனுப்பி, இரு மடங்கு வசூலித்த ஆய்வு அலுவலர் யாரையும் நாம் கேள்விப்பட்டதில்லை. 2017-இல் அரசு குடிமராமத்து என்ற பெயரை மீட்டு ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் பழையது, பெரும்பகுதிப் பணம் அரசினுடையது. பெயரை மீட்டவர்கள் அந்த இரு மடங்கை மீட்காமல் விட்டது ஆறுதல்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையை இப்பகுதியார் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஸ்ரீவைகுண்டம் தீவாகி, அங்கே நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கானோர் இரண்டு நாள் சிக்கியிருந்தனர். வெள்ளம் வடிந்து சில வாரங்களுக்குப் பிறகு மறுபடி சென்றோம். அணைக்கு மேற்புறம் தண்ணீர் தெரிந்தது. ஆறு அமலையைத் துடைத்துவிட்டிருந்தது. ஒரு பகுதி கடலுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு பகுதி கரையைத் தாண்டி வயல்களுக்குள் இறங்கி, மணலோடும் முறிந்த வாழையோடும் பிணைந்து முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து கிடந்தது.

பெரியவர் தம் வயலில் நான்கு ஆள்களை வைத்து அதனை வாரி வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் கையைத் தூக்கினார். "பாத்தியளா சார், இப்ப எங்க வயலுக்கே வந்துட்டு" என்றார். இப்போது அது அவர் நிலத்தில் கிடந்தது. சட்டப்படி அவருடையது. ஒரு ஆளுக்கு என்ன கூலி என்று கேட்டோம். சொன்னார், சொல்லிவிட்டு, நிவாரணக் கணக்கில் மணல் அள்ள ஏதோ தருவார்களாம், அமலைக்கு அந்தத் தாளில் இடமே இல்லை என்றார்.